லாக் ஆன பிறகும் விலகிய ட்ராக்குகள்: பழைய டேப்பை டைம்கோடோடு கணினிக்கு ஏற்றிய அனுபவம்

போன வருடம் ஒரு நாட்டிய நாடகத்தின் பழைய டேப்புகளைக் கணினிக்கு மாற்றித் தரும் வேலை எனக்கு வந்தது. 1980களின் கடைசியில் சென்னையில் பதிவானது. அரை அங்குல டேப், 16 ட்ராக் (தனித்தனியாகப் பதிவான 16 ஒலித்தடங்கள்), நொடிக்கு 15 அங்குல வேகம். நாடகத்தை அமைத்த நடன ஆசிரியை காலமாகிவிட்டார். நட்டுவாங்கம் முழுக்க அவர் குரல்தான். மிருதங்கம் வாசித்தவரும் இப்போது இல்லை. ஆசிரியையின் மகள் அந்த நாடகத்தைத் திரும்ப மேடையேற்ற நினைத்தார். “தம்பி, அம்மா சொல்ற ஜதி மட்டும் தனியா சுத்தமாக் கிடைச்சாப் போதும், மத்ததை எப்படியாவது பார்த்துக்கலாம்” என்றார். சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கும் எனக்கு இதைவிட மனதுக்குப் பிடித்த வேலை அமையாது என்று தோன்றியது, உடனே ஒப்புக்கொண்டேன். டேப்பின் ஒவ்வொரு இடத்துக்கும் மணி, நிமிடம், நொடி என்று எண் சொல்லும் குறிப்புச் சத்தம்தான் டைம்கோட். பதிவு மென்பொருளை வெளியிலிருந்து வரும் டைம்கோடோடு இணைப்பது பற்றித் தமிழில் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், இதைக் கையால் செய்தவர்கள் பெரும்பாலும் தொழிலை விட்டுப் போய்விட்டார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் நேரமும் 50,000 ரூபாய்க்கு மேல் பணமும் கரைந்த பிறகு புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே இடத்தில் யாராவது தனியாக மாட்டிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு உதவட்டும்.

முதலில் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். ஒலியைக் கணினிக்குள் ஏற்றும் பெட்டியான என் இன்டர்ஃபேஸில் 8 லைன் இன்புட்தான். டேப்பில் 16 ட்ராக். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த ட்ராக் ஷீட்டில் 1 முதல் 14 வரை குரலும் வாத்தியமும், 15 காலி, 16-க்கு நேராக ‘டைம்கோட்’ என்று எழுதியிருந்தது. 15-ஐக் காலியாக விட்டது அந்தக் காலத்து வழக்கம். டைம்கோடின் இரைச்சல் பக்கத்து ட்ராக்கில் கசியும் என்பதால் நடுவில் ஒரு ட்ராக்கை வேலியாக விடுவார்கள். ஆக, 7 இசை ட்ராக்கும் டைம்கோடும் முதல் ஓட்டத்தில், மீதி 7 இசை ட்ராக்கும் அதே டைம்கோடும் இரண்டாம் ஓட்டத்தில் என்று பிரித்தால் என் இன்டர்ஃபேஸுக்கு அப்படியே பொருந்தியது. டைம்கோட் எதற்கு இருக்கிறது, இரண்டு ஓட்டத்தையும் அது ஒன்றாகச் சேர்த்துவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். கேட்ட இடத்திலெல்லாம் எனக்குக் கிடைத்த பதிலும் அதுவே. 16 ட்ராக் எந்திரத்தை நாள் வாடகைக்கு எடுத்தேன். கொண்டு வந்து வைத்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து, அளவு சரிபார்த்துக் கொடுத்தவர் பழைய ஸ்டுடியோக்களில் எந்திரம் பார்த்த மெக்கானிக் அண்ணன் ஒருவர். இந்தக் கதையில் கடைசியில் உருப்படியாகப் பேசியவர் அவர் மட்டும்தான்.

ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் வந்த சில வகை டேப்புகளில் காந்தப் பூச்சைப் பிடித்து வைத்திருக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். ஓட்டினால் பூச்சு உரிந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். குறைந்த சூட்டில், ஏறக்குறைய 54 டிகிரி செல்சியஸில், பல மணி நேரம் வைத்து எடுத்தால் சில வாரங்களுக்கு ஒழுங்காக ஓடும். எங்கள் ரீல்களையும் அப்படித்தான் தயார் செய்தோம். அதனால் ஒவ்வொரு ஓட்டமும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று அலட்சியமாக இருக்க முடியாது. ரீலை ரிவைண்ட் செய்யும்போதெல்லாம் அந்த அம்மாவின் குரல் உரிந்து போய்விடுமோ என்ற பயத்தில் கை நடுங்கியது உண்மை. டேப் வேலையில் இறங்கும் யாரும் சோதனைகளை வேறு டேப்பில், அல்லது டேப்பே இல்லாமல், முடித்துக்கொள்வது நல்லது. டைம்கோட் சத்தத்தை இன்னொரு கணினியிலிருந்தே உண்டாக்கலாம். ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் அதற்கென்று ஜெனரேட்டர் உள்ளேயே இருக்கிறது.

டேப்பில் இருக்கும் டைம்கோடை எல்டிசி என்பார்கள். அது வெறும் சத்தம்தான், காதுக்கு நாராசமான ஒரு இரைச்சல். ஒரு நொடியைச் சமமாகப் பிரித்த துண்டுதான் ஃப்ரேம், வீடியோவில் ஒரு படம். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 80 பிட், அதில் மணி, நிமிடம், நொடி, ஃப்ரேம் எண் எல்லாம் அடங்கியிருக்கும். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் நொடிக்கு 2,000 பிட். பூஜ்யம் 1,000 ஹெர்ட்ஸிலும் ஒன்று 2,000 ஹெர்ட்ஸிலும் விழும். அலை எப்போது மேலும் கீழும் புரளுகிறது என்பதை வைத்துத்தான் எந்திரம் இதைப் படிக்கிறது. அதனால் வயரில் பிளஸ் மைனஸ் மாறியிருந்தாலும் பரவாயில்லை. அலையின் ஓரம் மழுங்கினால்தான் ஆபத்து. முதல் நாள் எனக்கு நடந்தது அதுதான். மென்பொருளில் டைம்கோட் எண் வரும், போகும், நிற்கும். லெவலை ஏற்றினேன், இறக்கினேன், வயரை மாற்றினேன், ராத்திரி வரை ஒன்றும் சரியாகவில்லை. மறுநாள் மெக்கானிக் அண்ணன் வந்து எந்திரத்தின் பின்பக்கம் கையை விட்டு ஒரு சின்ன சுவிட்சைத் தட்டினார், எண் நிற்காமல் ஓட ஆரம்பித்தது. அந்த எந்திரத்தில் எல்லா ட்ராக்குக்கும் இரைச்சல் குறைக்கும் சர்க்யூட் உண்டு. 16-ஆம் ட்ராக்குக்கு மட்டும் அதைத் தனியாக அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் அது லெவலைத் தன் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கி அலையின் ஓரத்தைக் கெடுத்துவிடும். கம்ப்ரஸர், ஈக்யூ, மைக் ப்ரீஆம்பின் லோ கட், எதன் வழியாகவும் டைம்கோடை விடக்கூடாது. நேராக லைன் இன்புட், மீட்டரில் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவில், அவ்வளவு போதும். ஒரு நாள் வாடகை அந்தச் சுவிட்சுக்குப் போனது.

அடுத்து ஃப்ரேம் ரேட். பெட்டியின் மேல் பேனாவில் 30 என்று எழுதியிருந்தது. அதை நம்பி மென்பொருளில் 30 வைத்தால் ஒவ்வொரு நொடிக்கும் ஒரு விக்கல்: கர்சர் சீராகப் போய், நொடி மாறும் இடத்தில் ஒரு தாவு தாவும். கவனித்துப் பார்த்ததில் ஃப்ரேம் எண் 24 வரைக்கும்தான் போகிறது, 25 என்ற எண் வருவதே இல்லை. அப்படியென்றால் அது நொடிக்கு 25 ஃப்ரேம் உள்ள டைம்கோட். நம் ஊர் டிவி 25 ஃப்ரேமில்தான் ஓடியது, வீடியோவோடு சேர்க்கும் எண்ணத்தில் அதை எழுதியிருப்பார்கள். 23 வரை போனால் 24 ரேட், 29 வரை போனால் 30 அல்லது 29.97. இந்தக் கடைசி இரண்டையும் எண்ணைப் பார்த்துப் பிரிக்க முடியாது. 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்து அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு ஃப்ரேமின் நீளம் 25-க்கு 1,920 சேம்பிள் (கணினி ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து எடுக்கும் ஒவ்வொரு அளவும் ஒரு சேம்பிள்), 30-க்கு 1,600, 29.97-க்கு 1,601.6. டேப் எந்திரத்தின் வேகமே கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் இந்தக் கடைசி வித்தியாசம் அதில் மறைந்துவிடும், அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கா, ஜப்பான் பக்கமிருந்து வந்த டேப் என்றால் டிராப் ஃப்ரேமையும் பார்க்க வேண்டும். அதில் பத்தின் மடங்கு நிமிடங்களைத் தவிர மற்ற ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் 00, 01 என்ற இரண்டு ஃப்ரேம் எண்கள் மட்டும் விட்டுப்போகும், படமோ ஒலியோ விடுபடாது. பெட்டியின் மேல் இருக்கும் கையெழுத்து யாரோ ஒருவரின் ஞாபகம். டேப்பில் இருக்கும் எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

மூன்றாவது ஒரு சின்ன இடைஞ்சல். எங்கள் ரீலில் டைம்கோட் 00:00:00:00-இல் தொடங்கியது. கொஞ்சம் பின்னால் தள்ளி ஓட்டலாம் என்று போனால் 23:59 என்று வரும். மென்பொருள் அதைக் கிட்டத்தட்ட 24 மணி நேரம் தள்ளி எங்கோ ஒரு இடமாக எடுத்துக்கொள்ளும். இதனால்தான் டைம்கோடை 01:00:00:00-இல் தொடங்கும் வழக்கமே வந்தது. ஐரோப்பிய டிவி வேலையில் 10:00:00:00. ஏற்கெனவே எழுதிவிட்ட டேப்பில் அதை மாற்ற வழியில்லை, மென்பொருளில் எண்ணை இவ்வளவு தள்ளிப் படி என்று ஆஃப்செட் கொடுத்துச் சமாளிக்கலாம். ரீப்பரில் ப்ளே பட்டனை ரைட் கிளிக் செய்தால் வரும் வெளி டைம்கோட் அமைப்பிலேயே ஃப்ரேம் ரேட், இன்புட், ஆஃப்செட் எல்லாம் இருக்கிறது.

இவ்வளவும் முடிந்து முதல் ரீலை இரண்டு ஓட்டமாகப் பதிவு செய்தேன். இரண்டு முறையும் மென்பொருள் டைம்கோடைப் பிடித்தது, பதிவு தானாக ஆரம்பித்தது, லாக் ஆகிவிட்டது என்று காட்டியது. ஆரம்பத்தைக் கேட்டேன், அருமையாகப் பொருந்தியது. அந்த அம்மாவின் ‘தாம் தித்தாம்’ மிருதங்கத்தோடு ஒட்டி வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எந்திர வாடகை ஏறிக்கொண்டிருக்கிறதே என்று மற்ற ரீல்களைத் தள்ளி வைத்துவிட்டு முதல் ரீலை மட்டும் மிக்ஸ் செய்பவருக்கு அனுப்பினேன். அவர் ஒரு ஸ்டுடியோவில் மூன்று ஷிப்ட் எடுத்து வேலையைத் தொடங்கியிருக்கிறார். இரண்டாம் நாள் போன். “சார், முதல் அஞ்சு நிமிஷம் நல்லா இருக்கு, அப்புறம் நட்டுவாங்கமும் மிருதங்கமும் தனித்தனி ஊருக்குப் போகுது.” 22 நிமிடத் துண்டின் கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய கால் நொடி. ஜதியில் கால் நொடி என்றால் தாளமே இல்லை என்று அர்த்தம். அந்த ஷிப்ட்களுக்கான பணத்தை நான்தான் கொடுத்தேன், 18,000 ரூபாய். பணத்தைவிட, எதனால் நடந்தது என்றே புரியாததுதான் என்னை உலுக்கியது. ரேட் சரி, லெவல் சரி, லாக் சரி, கடைசி மட்டும் சேரவில்லை. ஆசிரியையின் மகளான அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று சில நாள் போனையே எடுக்காமல் இருந்தேன்.

இந்த நேரத்தில்தான் தப்பான மருந்துகள் வந்தன. ஒரு கடையில், எல்டிசியை நேராகக் கணினிக்குக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும், அதை எம்டிசியாக மாற்றிக் கொடுக்க ஒரு கருவி இருக்கிறது என்றார்கள். எம்டிசி என்பது அதே டைம்கோடை, இசைக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி இணைப்பு வழியாக அனுப்பும் முறை. 14,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். விலகல் கொஞ்சமும் குறையவில்லை. குறையவும் வழியில்லை: எம்டிசி ஒரு ஃப்ரேமுக்கு நான்கு சின்னச் செய்தி அனுப்பும், ஒரு முழு நேர முகவரி சேர எட்டுச் செய்தி வேண்டும். அதாவது இரண்டு ஃப்ரேம், 25 ரேட்டில் 80 மில்லிசெகண்ட். அதன் மேல் யுஎஸ்பி வழியாக வரும்போது முன்னே பின்னே ஆட்டமும் உண்டு. இன்னொருவர் கேமராக்களில் ஒட்டும் சின்ன டைம்கோட் பெட்டிகளை வாடகைக்கு எடுக்கச் சொன்னார். பல கேமரா, ஒரு ரெக்கார்டர் என்று படப்பிடிப்பில் அவை நல்ல கருவிகள்தான். ஏற்கெனவே எழுதப்பட்ட டேப்புக்கு அவற்றால் ஒரு பயனும் இல்லை. அந்த வாடகையும் போனது.

எந்திரத்தைத் திரும்ப எடுக்க வந்த மெக்கானிக் அண்ணனிடம்தான் புலம்பினேன். அவர் டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார்: “தம்பி, மைல்கல்லு ஊரு எவ்வளவு தூரம்னு சொல்லும். வண்டியோட ஆக்ஸிலேட்டரை அது மிதிக்குமா?” அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் திறந்துகொண்டது. டைம்கோட் இடத்தைச் சொல்லும். மென்பொருள் அதைப் படித்துச் சரியான இடத்தில் பதிவைத் தொடங்கும். தொடங்கிய பிறகு ஒலியை நொடிக்கு 48,000 சேம்பிள் என்று வெட்டுவது இன்டர்ஃபேஸுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் கடிகாரம். அதற்கு டேப் என்ன வேகத்தில் போகிறது என்பதே தெரியாது. டேப் எந்திரமோ ஒவ்வொரு ஓட்டத்திலும் நூலிழை வேறு வேகத்தில் போகிறது. இழுவிசை மாறும், டேப் நீளும், மோட்டார் சூடாகும். 0.02 சதவீத வித்தியாசம் போதும், 22 நிமிடத்தில் கால் நொடிக்கு மேல் போய்விடும். மென்பொருளில் தெரியும் லாக் என்பது ‘எண்ணைப் படித்துவிட்டேன்’ என்று மட்டும்தான் சொல்கிறது. ‘சேர்ந்தே ஓடுகிறேன்’ என்று சொல்லவில்லை. ப்ளேபேக்கில் விலகினால் மென்பொருள் தாவியோ வேகத்தை மாற்றியோ பிடித்துக்கொள்ள முடியும். உள்ளே வந்துகொண்டிருக்கும் ஒலியை அப்படி இழுக்க முடியாது. அதற்கு கடிகாரமே டேப்பைப் பின்தொடர வேண்டும். டேப் இல்லாமல் இரண்டு டிஜிட்டல் ரெக்கார்டர்களைத் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடவிட்டாலும் இதே கதைதான், அளவுதான் சின்னது. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்றால் ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெகண்ட். மூன்று மணி நேரக் கச்சேரியை இரண்டு கருவியில் பதிவு செய்பவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

இதிலிருந்து கிடைத்த முதல் நடைமுறைப் பாடம்: பொருத்தத்தை ஆரம்பத்தில் சோதிக்காதீர்கள், கடைசியில் சோதியுங்கள். ஒரு நிமிடச் சோதனை எல்லாவற்றையும் சரி என்றுதான் காட்டும். உண்மையான துண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்குச் சோதனையையும் ஓட்டிவிட்டுக் கடைசி நிமிடத்தைக் கேட்க வேண்டும்.

முதல் ரீலை மறுபடி ஓட்டாமலேயே காப்பாற்ற முடிந்தது. இரண்டு ஓட்டத்திலும் எட்டாவது இன்புட்டில் டைம்கோடும் ஒரு ட்ராக்காகப் பதிவாகியிருந்ததுதான் காரணம். மென்பொருளுக்கு டைம்கோடைக் காட்டுவது ஒன்று, அதை ஒலியாகவே கோப்பில் பதிவு செய்து வைப்பது வேறு. எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் இந்த இரண்டாவதைக் கைவிடாதீர்கள். எல்டிசிடம்ப் என்று ஒரு இலவச நிரல் இருக்கிறது. டைம்கோட் ஒலிக்கோப்பைக் கொடுத்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் எந்தச் சேம்பிளில் விழுகிறது என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும். முதல் நிமிடத்திலிருந்து 21-ஆம் நிமிடம் வரை, அதாவது 20 நிமிடத்துக்கு, 48 கிலோஹெர்ட்ஸில் 5,76,00,000 சேம்பிள் இருக்க வேண்டும். என் முதல் ஓட்டத்தில் 5,75,92,300, இரண்டாம் ஓட்டத்தில் 5,76,04,100. வித்தியாசம் 11,800 சேம்பிள், ஆறு ஃப்ரேமுக்குக் கொஞ்சம் மேல். இரண்டாம் ஓட்டத்தை 1.000205 வேகத்தில் ஓட்டினால் முதலாவதோடு சேர்ந்துவிடும். இதைச் செய்யும்போது சுருதியைக் காப்பாற்றும் டைம் ஸ்ட்ரெட்ச் போடக்கூடாது. ரீப்பரில் ‘பிட்சைக் காப்பாற்று’ என்ற டிக்கை எடுத்துவிட வேண்டும். வேகம் மாறியதை வேகத்தால்தான் திருத்த வேண்டும். இந்த அளவு மாற்றத்தில் சுருதி ஒரு சென்ட்டில் பாதிகூட அசையாது, அரைச்சுரமே 100 சென்ட். டைம் ஸ்ட்ரெட்ச் போட்டாலோ மிருதங்கத்தின் ‘நம்’ சொல்லில் விளிம்பு போய் மொண்ணையாகிவிடும், போட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இன்னொன்று, விலகல் நேர்கோட்டில் போவதில்லை. ரீல் காலியாகக் காலியாக இழுவிசை மாறுவதால் நடுவில் 40 மில்லிசெகண்ட் வரை பிசகு இருந்தது. அதனால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை, தம்பூரா மட்டும் கேட்கும் இடங்களில் வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி விகிதம் போட்டேன். பொறுமையை உறிஞ்சும் வேலை. ஆனால் டேப்பைத் தொடாமல் முடிந்ததே பெரிய நிம்மதி.

மீதி ரீல்களுக்கு ஒழுங்கான வழியில் போனோம். டைம்கோடைப் படித்து, அதன் வேகத்துக்கே தன் சேம்பிள் கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளும் கருவிகள் உண்டு. ப்ரோ டூல்ஸ் என்ற பதிவு மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு அவிட்டின் சிங்க் எச்டி, சிங்க் எக்ஸ் இருக்கின்றன. விலை என் போன்றவர்களுக்கு எட்டாது. மோட்டு 828 எம்கே3 போன்ற பழைய இன்டர்ஃபேஸ்களில் இந்த வசதி உள்ளேயே வந்தது, கடிகார மூலத்தை உள் கடிகாரத்திலிருந்து எஸ்எம்பிடிஇக்கு, அதாவது டைம்கோடுக்கு, மாற்றினால் போதும். அப்படி ஒன்று நண்பர் ஒருவரிடம் தூங்கிக்கொண்டிருந்தது, கேட்டதும் கொடுத்தார். இதில் கவனிக்க வேண்டியது, கடிகாரம் பிடித்து நிலைக்கச் சில நொடி ஆகும். இசை தொடங்கும் இடத்துக்குக் குறைந்தது பத்து நொடி முன்னாலிருந்து டேப்பை ஓடவிட வேண்டும், அந்தப் பத்து நொடியிலும் டைம்கோட் இருக்க வேண்டும். டேப்பில் எங்காவது டைம்கோட் ஒரு நொடி விட்டுப்போனால் தாங்கிக்கொண்டு ஓட ஃப்ரீவீல் அளவைக் கொஞ்சம் தாராளமாக வைக்க வேண்டும். இரண்டு ஓட்டத்துக்கும் நடுவில் பஃபர் அளவை மாற்றக்கூடாது, மாற்றினால் தொடக்கமே நகர்ந்துவிடும். எந்திரத்தை அரை மணி நேரம் வெறும் டேப்பில் ஓடவிட்டுச் சூடாக்கிய பிறகு தொடங்குவதும், பிட்ச் குமிழ் ஃபிக்ஸட் என்ற நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். வேலை முடிந்ததும் கடிகாரத்தை உள் மூலத்துக்குத் திருப்ப வேண்டும். டேப் நின்ற பிறகும் எஸ்எம்பிடிஇயிலேயே விட்டால், பின்தொடர ஒன்றும் இல்லாமல் ப்ளேபேக் தடுமாறும்.

இந்த வழியில் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. பதிவு நடந்த நாளில் டைம்கோடை எழுதிய ஜெனரேட்டர் குவார்ட்ஸில் ஓடியது. கடிகாரத்தை அதற்குக் கட்டினால், இன்றைய எந்திரம் கொஞ்சம் மெதுவாகவோ வேகமாகவோ ஓடினாலும் கோப்பில் அன்றைய வேகமே வந்து சேரும், சுருதியும் அன்று இருந்த இடத்தில் நிற்கும். எங்கள் எந்திரம் நல்ல நிலையில் இருந்ததால் பெரிதாகத் தெரியவில்லை. அரை சதவீதம் மெதுவாக ஓடும் எந்திரம் என்றால் 9 சென்ட் இறங்கிவிடும், பக்கத்தில் சுருதிப்பெட்டி வைத்தால் உறுத்தும். இசையைப் பதிவு செய்த அதே நேரத்தில், அதே எந்திரத்தில் டைம்கோடும் எழுதப்பட்டிருந்தால், அல்லது முதலில் அதை எழுதிவிட்டு அதே வேகத்தில் இசையை ஏற்றியிருந்தால் மட்டுமே இது பொருந்தும்.

இவ்வளவு செய்த பிறகும் இரண்டு ஓட்டத்துக்கும் நடுவில் ஒரு மில்லிசெகண்டை ஒட்டிய ஆட்டம் மிச்சம் இருக்கத்தான் செய்தது. கடிகாரம் டேப்பின் மெதுவான ஏற்ற இறக்கத்தைப் பிடிக்கும், வேகமான நடுக்கத்தை முழுதாகப் பிடிக்காது. பாட்டுக்கும் வயலினுக்கும் நடுவில் ஒரு மில்லிசெகண்ட் யார் காதிலும் விழாது. ஆனால் ஒரே வாத்தியத்துக்கு இரண்டு மைக் வைத்திருந்தால் கதை வேறு. மிருதங்கத்துக்கு வலந்தலையில் ஒன்று, தொப்பியில் ஒன்று என்று இரண்டு மைக் வைத்திருந்தார்கள், ட்ராக் 7, 8. முதல் ரீலில் இவை இரண்டும் வேறு வேறு ஓட்டத்தில் போய்விட்டன. சேர்த்துக் கேட்டால் ஓசை குழாய்க்குள் போய் வருவதாக இருந்தது. ஒரு மில்லிசெகண்ட் தள்ளினால் 500 ஹெர்ட்ஸில் முதல் பள்ளம் விழும், அந்தத் தள்ளலும் நிலையாக நிற்காமல் ஆடினால் பள்ளமும் ஆடும். கடைசியில் அந்த ரீலில் தொப்பி மைக்கை மிகவும் தாழ்த்தித்தான் மிக்ஸ் செய்ய முடிந்தது. ஓட்டங்களை ட்ராக் எண் வரிசையில் பிரிக்காதீர்கள். ட்ராக் ஷீட்டைப் பார்த்து, ஒரே மூலத்தைக் கேட்ட மைக்குகளை, ஸ்டீரியோ ஜோடிகளை, ஒரே அறையில் ஒன்றுக்குள் ஒன்று கசிந்த குரல்களை ஒரே ஓட்டத்தில் வையுங்கள். மற்ற ரீல்களில் மிருதங்கம் இரண்டும் நட்டுவாங்கமும் ஒன்றாகப் போயின, தாளக்கட்டைச் சத்தம் நறுக்கென்று வந்தது. இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் முதல் ரீலிலும் அந்தத் தொப்பி ஓசை முழுதாகக் கிடைத்திருக்கும். இப்போதும் எனக்கு ஆறாத இடம் இதுதான்.

கோப்புகளை ஒப்படைக்கும்போதும் ஒரு பள்ளம் உண்டு. பிடபிள்யூஎஃப் வகை வேவ் கோப்பில் தொடக்க நேரம் மணி நிமிடமாகப் பதிவாவதில்லை, நள்ளிரவிலிருந்து எத்தனையாவது சேம்பிள் என்றுதான் பதிவாகிறது. 48 கிலோஹெர்ட்ஸில் 01:00:00:00 என்றால் 17,28,00,000. அந்த எண்ணைத் திருத்தாமல் கோப்பை 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால் அதே எண் 01:05:18-ஐக் காட்டும். மிக்ஸ் செய்பவரிடம் ஒரு ட்ராக் மட்டும் ஐந்து நிமிடம் தள்ளி உட்கார்ந்திருந்ததற்கு இதுதான் காரணமாக இருந்தது. நடுவில் யாரோ அந்தக் கோப்பை மாற்றியிருக்கிறார்கள். சேம்பிள் ரேட்டை முதலிலேயே பேசி முடித்து, எல்லாரும் 48-இலேயே கடைசி வரை இருப்பதுதான் பத்திரம். ஒவ்வொரு ரீலின் ஃபோல்டரிலும் டைம்கோட் ஒலியைத் தனிக் கோப்பாக வைத்து, ஃப்ரேம் ரேட், தொடக்க எண், ஆஃப்செட், எந்த ஓட்டத்தில் எந்த ட்ராக், கடிகாரம் எதற்குக் கட்டப்பட்டது என்பதையெல்லாம் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதிக் கொடுத்தேன். அக்காவிடமும் டேப் பெட்டிக்குள் வைக்க ஒரு அச்சுப் பிரதி கொடுத்தேன்.

கூலி விஷயம் ஒன்று மிச்சம். இந்த மாதிரி வேலைக்கு ரீலுக்கு இவ்வளவு என்று எடுத்ததும் விலை சொல்லாதீர்கள். நான் சொன்ன தொகை எந்திர வாடகைக்கே சரியாகப் போனது. இப்போது யாராவது கேட்டால், ட்ராக் ஷீட்டின் படத்தை முதலில் அனுப்பச் சொல்கிறேன். அதன் பிறகு டேப்பின் நிலையைப் பார்க்கவும், ஒரு முழு நீள டைம்கோட் சோதனைக்கும் தனியாக ஒரு தொகை வாங்கிக்கொள்கிறேன், அதைப் பார்த்த பிறகுதான் மொத்த விலை. 16 இன்புட் கிடைக்கும் இடம் பக்கத்தில் இருந்தால் வாடகை கூடுதலானாலும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடச் சொல்கிறேன். ஒரே ஓட்டம் என்றால் இந்தப் பிரச்சினையில் முக்கால்வாசி எழவே எழாது.